டத்தோவுக்கு அம்மை போட்ட வாரம்

உப்புப் போட்டுப் பார்த்தால் என்ன என்ற யோசனை எனக்கு வந்தது ஃபெர்ரியில். போன வருடம் தீபாவளி முடிந்து, விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை சாயங்காலம். புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி வேலை முடிந்து பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியில் மீன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாட்டுக்காரரோ தெரியாது, ஒருவர் வாளியைத் தூக்கிக் காட்டி, ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிலோ உப்பு என்றார். கோய் என்னும் அலங்கார மீனின் உடம்பில் வரும் வெள்ளைப் புள்ளி, சுவரில் போய் உரசுவது, சோர்ந்து நிற்பது எல்லாவற்றுக்கும் அது போதும் என்றார். வீடியோ பாதி ஓடியிருக்கும், கப்பல் ஜார்ஜ் டவுன் கரையில் இடித்து நின்றது. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டபோதே நான் முடிவு செய்துவிட்டேன். எனக்கு எல்லாமே பாதி கேட்டால் போதும், மீதியை நானே செய்துகொள்வேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மீன்கள் என்னுடையவையாக இருந்தால் பரவாயில்லை. அவை மச்சானுடையவை, அதாவது என் அக்கா கணவருடையவை. தீவில், ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்து ஜெலுத்தோங்கில் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் தங்கியிருக்கிறேன். அம்மாவும் எங்களோடுதான். மச்சானுக்குச் சரவாக் பக்கம் நடுக்கடலில் எண்ணெய் மேடையில் வேலை. ஆறு வாரம் கடலில், நான்கு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும் நான்கு வாரமும் அவர் பார்ப்பது அந்த மீன்களைத்தான். கார் நிறுத்த வேண்டிய கூரையடியில் குளத்தைக் கட்டிவிட்டு, காரைத் தெருவோரம் வெயிலில் நிறுத்தியவர் எங்கள் வரிசையிலேயே அவர் ஒருவர்தான்.

பத்து மீன்கள். அதில் மூத்தது வெள்ளை உடம்பு, தலையில் மட்டும் வட்டமாக ஒரு சிவப்பு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் டத்தோ, இங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டம். காலையில் அவர் குளத்தைச் சுற்றி வரும் விதம் அப்படி. ஏதோ மண்டபம் திறந்து வைக்க வந்தவர் போல மெதுவாக வருவார். மற்றவை வழிவிட்டு ஒதுங்கும். சாப்பாடு போட்டால் கடைசியில்தான் வாயைத் திறப்பார்.

கிளம்புவதற்கு முன் மச்சான் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாப்பாடு போடு. ஃபில்டர் கழுவு. புதுசா ஒண்ணும் செய்யாத." கடைசி வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னார். என்னை அவருக்குத் தெரியும்.

அவர் போய் மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கோய் பார்த்தேன். மச்சான் திரும்பி வந்ததும் அசந்துபோவார் என்று வாங்கி வந்து நேரே குளத்தில் விட்டுவிட்டேன். புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்பது பிறகு தெரிந்துகொண்டது. அதற்குள் மஞ்சள் மீனின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வந்தது. பிறகு மற்றவற்றுக்கும். கடைசியில் ஒரு நாள் டத்தோவே சுவரில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பியதைப் பார்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மச்சான் திரும்புகிறார். அதற்குள் மீன்களைச் சரியாக்க வேண்டும். அந்த நிலையில்தான் ஃபெர்ரியில் அந்த வீடியோ வந்தது. மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மஞ்சள் மீன் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றைக்கே அளவு நாடாவை எடுத்துக் குளத்தின் நீளம், அகலம், ஆழம் அளந்து பெருக்கினேன். மூவாயிரத்து எண்ணூறு லிட்டர். அதற்குப் பதினொன்றரை கிலோ உப்பு, சரி, பன்னிரண்டாக இருக்கட்டும். ஒரே நாளில் கொட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தினம் நான்கு கிலோ, மூன்று நாள். அயோடின் கலந்த சமையல் உப்பு வேண்டாம், வெறும் கல் உப்புப் போதும் என்றும் படித்திருந்தேன். பசாரில் மளிகைக் கடைக்குப் போய் இருபத்தைந்து கிலோ மூட்டை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்ளோ உப்பு எதுக்கு தம்பி? கருவாடு போடப் போறியா?"

"இல்லண்ணே. மீன் வளக்க."

"மீன் வளக்கவா?" என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். அப்போது எனக்கு அது எரிச்சலாக இருந்தது.

வியாழக்கிழமை விடியற்காலை, யாரும் எழுவதற்கு முன், அடுப்படித் தராசில் நான்கு கிலோ நிறுத்து, வாளியில் குளத்துத் தண்ணீரை மொண்டு நன்றாகக் கரைத்து, தண்ணீர் விழும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒரு கல்கூட மீன் மேல் படவில்லை. அவ்வளவு சுத்தமாகச் செய்தேன். மூட்டையின் வாயைச் சுருட்டிப் பம்ப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. மீன்கள் சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம், அப்போதுதான் நன்றாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

சாயங்காலம் திரும்பி வந்தபோது ஃபில்டர் குழாயில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. அம்மாவின் வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. எதற்கு என்று அக்காவிடம் கேட்டேன். "அம்மாவைக் கேளு" என்றாள். நான் கேட்கவில்லை. சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமைக் காலை இரண்டாவது நான்கு கிலோ. மூட்டை எதிர்பார்த்ததைவிட இறங்கியிருந்தது. ஒரு கணம் யோசித்தேன். இந்த மழையில் துணி காய மூன்று நாள் ஆகிறது, உப்பு நீர்விட்டுப் போகாமல் இருக்குமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூட்டைக்கு அடியில் தரையும் ஈரமாக இருந்தது. ஆகவே சரி. எதற்கும் உடனே ஒரு காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

அன்று சாயங்காலம் மீன்கள் சுவரில் உரசுவது குறைந்திருந்தது. அவற்றுக்கு உரசவும் தெம்பில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று கூட்டாளிகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன். சனிக்கிழமை விடிந்ததும் மூன்றாவது நான்கு கிலோவையும் கரைத்து ஊற்றிவிட்டு, லீவு நாள் என்பதால் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு அக்கா கீழேயிருந்து கூப்பிட்டாள். "தம்பி, கொஞ்சம் வா. டத்தோ ஒரு மாதிரி நிக்கிறாரு."

இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒன்பது மீன்கள் தண்ணீர் விழும் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாயை மேலே தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. மஞ்சள் மீன் அடியில் படுத்துவிட்டது. டத்தோ சுவரில் சாய்ந்தபடி ஒருபக்கமாகச் சரிந்து நின்றார். உடம்பின் மேல் பால் ஆடை மாதிரி ஏதோ உரிந்து தொங்கியது. தலையில் இருந்த சிவப்பு வெளுத்துப் போயிருந்தது.

"என்னடா செஞ்ச?" என்றாள் அக்கா.

"உப்புதான் போட்டேன்."

"எவ்ளோ?"

"கணக்குப் பாத்துதான் போட்டேன்."

உப்பால் வந்தது என்றால் உப்புத் தண்ணீரை எடுத்துவிட வேண்டியதுதானே. அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து குளத்தை முழுக்கக் காலிசெய்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பலாம் என்று நான் வால்வில் கை வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் அக்கா செய்த காரியத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். மச்சான் மீன் தீனி வாங்குவது கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஒரு கோய் பண்ணையில். தீனிப் பை மேல் அவர்கள் எண் அச்சிட்டிருக்கும். அக்கா பையைப் பார்த்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். எடுத்தது ஒரு பெண். தமிழ்ப் பெண்தான். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். அக்கா இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

"தண்ணிய தொறந்து விட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல. என் தம்பி இப்பதான் தொறக்கப் போறான்."

"கைய எடுக்கச் சொல்லுங்க. போன அவன்கிட்ட குடுங்க."

நான் வாங்கினேன். எத்தனை நாளாகப் போடுகிறேன், எத்தனை கிலோ, கரைத்தா கொட்டியா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு, "ஃபில்டருக்குள்ள வலைப் பையில வெள்ளக் கல்லு இருக்கா பாரு" என்றார்.

மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மச்சான் போட்டு வைத்தது. ஸியோலைட் என்பார்.

"அத மொதல்ல வெளிய எடு. மீன் கழிவுல வர்ற அமோனியாவ அந்தக் கல்லு குடிச்சு வச்சிருக்கும். உப்புத் தண்ணி பட்டா குடிச்சத எல்லாம் திரும்பக் கக்கிடும். உன் மீனுக்கு மூச்சு முட்டுறது பாதி அதனாலதான்."

எனக்கு அது தெரியாது. அந்த வாரக் கடைசியில் வீடியோவின் மீதிப் பாதியைப் போட்டுப் பார்த்தேன். அந்த மனிதர் அதைச் சொல்லியிருக்கிறார், நிதானமாக, கல்லைக் கையில் எடுத்துக் காட்டி.

அந்தப் பெண் அடுத்தடுத்துச் சொன்னார், நான் செய்தேன். தீனி போடக் கூடாது. இருக்கிற எல்லா ஏர் பம்ப்பையும் போட வேண்டும். முழுத் தண்ணீரையும் மாற்றவே கூடாது. ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இறக்கி, குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் எடுக்கும் மருந்து போட்டு, மெதுவாக விட வேண்டும். "உப்புல மூணு நாளா ஊறின மீன ஒரேயடியா நல்ல தண்ணில விட்டா, அந்த அதிர்ச்சியே போதும். நல்ல வேள கூப்பிட்டீங்க" என்றார். கடைசியாக, "நான் இப்ப தஞ்சோங் தோக்கோங்ல ஒரு வீட்டுக்கு மீன் கொண்டு வரேன். போற வழிதான். எட்டிப் பாக்குறேன், அட்ரஸ் அனுப்பு. அதுவரைக்கும் புதுசா ஒண்ணும் செய்யாத லா."

மச்சான் சொன்ன அதே வார்த்தை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் கல் பையைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் போய்விட்டேன்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் போல் நீளமான நேரத்தை நான் அனுபவித்ததில்லை. அக்கா வாளி வாளியாக மருந்து கலந்து தர, நான் ஊற்றினேன். டத்தோ விழுந்துவிடாமல் ஒரு கையால் அவர் வயிற்றுக்கு அடியில் தாங்கிக்கொண்டேன். மனதுக்குள் மச்சானிடம் சொல்ல வேண்டியதை நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் முதல் வரி ஒன்றாகவே இருந்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரவும் இல்லை, திட்டவும் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் வேனில் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், தொப்பி. வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே குளத்து ஓரம் குந்தி ஒரு நிமிடம் மீன்களையே பார்த்தார். பிறகு பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்துத் தண்ணீரில் விட்டார்.

"ஆறு" என்றார்.

"என்ன ஆறு?"

"ஆயிரம் லிட்டருக்கு ஆறு கிலோ உப்பு நிக்குது. அதுவும் நீ தண்ணி மாத்துனதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி ஏழுக்கு மேல இருந்திருக்கும்."

நான் போட்ட கணக்குக்கு மூன்றுதான் வர வேண்டும். "மீட்டர் தப்பாக் காட்டுதோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மீட்டரைக் கழுவி, துடைத்து, மறுபடி விட்டார். ஆறு. என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீ என்ன வேல பாக்குற?"

"ஃபேக்டரில."

"ஃபேக்டரில என்னா வேல?"

"மீட்டர் எல்லாம் சரியா காட்டுதான்னு செக் பண்ற வேல."

அந்த நிலைமையிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அளந்து பார்க்காத எதையும் நான் வேலையிடத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே விடமாட்டேன். வீட்டில் மூன்று நாளாக ஒரு தடவைகூட அளக்கவில்லை.

"குளத்தப் பெட்டி மாதிரி கணக்குப் போட்டியா?" என்று கேட்டு, அவரே குச்சியால் காட்டினார். தண்ணீர் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நிற்கிறது. அடித்தளம் ஒரு பக்கம் சரிவு. மூலையில் பெரிய பெரிய கல். நான் சொன்ன மூவாயிரத்து எண்ணூறு, உண்மையில் மூவாயிரம் இருந்தால் அதிகம்.

"சரி, அப்படி வச்சாலும் உன் பன்னண்டு கிலோவுக்கு நாலுக்கு மேல ஏறாது. இதுல வேற யாரு உப்புப் போட்டா?"

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். நான் அக்காவைப் பார்த்தேன். வாசற்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"நானுந்தாம்மா போட்டேன்."

எங்கள் மூவரின் தலையும் ஒன்றாகத் திரும்பியது. அம்மா எழுந்து நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் சொன்னார். மீன் உடம்பில் புள்ளி புள்ளியாகப் பார்த்ததுமே அம்மாவுக்கு அது அம்மை என்று பட்டிருக்கிறது. அம்மை போட்டால் மாரியம்மனுக்கு உப்பு வேண்டிக்கொண்டு கரைப்பது அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் வழக்கம். வியாழக்கிழமை விடியற்காலை நான் வாளியில் உப்புக் கரைத்து ஊற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"கோயில் பக்கமே எட்டிப் பாக்காத பய. யாரும் சொல்லாமலே அம்மனுக்குச் செய்றான்னு நெனச்சேன். எனக்குச் சந்தோஷத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு. கேட்டா வெக்கப்பட்டு நிறுத்திடுவான்னு கேக்கல. அவன் காலையில செய்யட்டும், நாம வெளக்கு வச்சதும் செய்வோம்னு..."

"எவ்ளோம்மா போட்டீங்க?"

"அந்த மூட்டையிலேருந்தே, ஒரு வேளைக்கு மைலோ டின்னால மூணு. ரெண்டு நாளு. இன்னிக்கிச் சாயந்தரம் போட்டு முடிச்சிரணும்னு இருந்தேன்."

அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் உப்பு மூட்டையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் கொஞ்சம்கூடச் சிரிக்காமல் கேட்டார்: "மிளகு போட்டீங்களா? எங்க வீட்ல உப்பும் மிளகும் சேத்துதான் வேண்டுவாங்க."

"மிளகு போடல. மீனுக்குக் கண்ணு எரியுமேன்னு."

அப்போதுதான் அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "நான் கொன்னுட்டனா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"ஒண்ணும் சாகலம்மா. நீங்க போட்டதும் நல்ல உப்புதான், அவன் போட்டதும் நல்ல உப்புதான். யாரு எதுக்குப் போட்டாங்கன்னு மீனுக்குத் தெரியாது. எவ்வளவுன்னு மட்டும் அதுக்குத் தெரியும்."

நான் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேப்பிலையைப் பார்த்த அன்றைக்கே கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். "நான் அம்மனுக்குப் போடலம்மா" என்று மட்டும் சொன்னேன். "தெரியுது" என்றார் அம்மா.

அந்தப் பெண் கிளம்புமுன் செய்ய வேண்டியதை என்னிடம் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்தார். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். உப்பை மூன்றுக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வேண்டும், ஏனென்றால் புள்ளி இன்னும் போகவில்லை, அதற்கு உப்பு வேண்டும். தண்ணீர் காய்ந்து குறைந்தால் வெறும் தண்ணீர் மட்டும் விட வேண்டும். உப்பு ஆவியாகிப் போகாது. தண்ணீரை வெளியே எடுத்தால்தான் உப்பும் வெளியே போகும். வந்ததற்கு எதுவும் வாங்க மாட்டேன் என்றார். அம்மா விடாமல் ஒரு டப்பாவில் மீன் குழம்பும் சோறும் கட்டிக் கொடுத்தார். கோய் பண்ணைக்காரரிடம் மீன் குழம்பா என்று அக்கா முணுமுணுத்தாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கெம்போங் தானே, கடல் மீனு, நம்ம ஆளு இல்ல" என்று வாங்கிக்கொண்டார். மீட்டரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். முன்பின் தெரியாத ஒருவர், ஆர்டர் கொடுத்த வீட்டுக்காரரைக் காத்திருக்க வைத்துவிட்டு எங்கள் குளத்தருகே முக்கால் மணி நேரம் குந்தியிருந்தார்.

ஆறு, ஐந்தரை, ஐந்து, நான்கரை என்று இறங்க இறங்க நான் சுவரில் பென்சிலால் குறித்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை குளத்தருகே போனபோது டத்தோ நிமிர்ந்திருந்தார். மெதுவாக ஒரு சுற்று வந்தார். மற்றவை ஒதுங்கின. என் நேரே வந்து நின்று, வாயைத் திறந்து திறந்து மூடினார். சாப்பாடு கேட்கிறார். ஒரு மீன் சாப்பாடு கேட்டதற்கு நான் தரையில் உட்கார்ந்து அழுதேன் என்பதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன். மஞ்சள் மீன் எழுந்து நீந்த இன்னும் ஒரு நாள் ஆனது. பதினொன்றும் பிழைத்தன. போனது குளத்து ஓரத்தில் அக்கா வளர்த்த அல்லிச் செடிகள் மட்டும். இலையெல்லாம் கருகி அழுகிப்போயின. உப்புச் செடிக்கு ஆகாது என்பதையும் நான் படிக்கவில்லை. "மீனுக்கு வைத்தியம் பாத்து என் அல்லிய அடக்கம் பண்ணிட்டான்" என்று இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்கு நானே காரை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியை ஏற்றிக் கதவை மூடியதும், மச்சான் சீட் பெல்ட் போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். மஞ்சள் மீன், புள்ளி, உப்பு, அம்மா, அந்தப் பெண், அல்லி, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

"டத்தோ சாப்பிடுறாரா?"

"நேத்திலிருந்து கொஞ்சமா சாப்பிடுறாரு மச்சான்."

"நீ பன்னண்டு. அம்மா எவ்ளோ?"

"டின்ன நிறுத்துப் பாத்தேன். மொத்தம் ஏழு கிலோ வரும். ஆனா அதச் சேத்தாலும் கணக்கு இடிக்குது மச்சான். இன்னும் ரெண்டு மூணு கிலோ எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல."

அவர் தாடையைச் சொறிந்தார். வெகுநேரம் சொறிந்தார்.

"கெளம்புறதுக்கு முந்தின நாளு நான் ஒரு மூணு கிலோ போட்டேன். சும்மா, பாதுகாப்புக்கு. உன்கிட்ட சொன்னா நீயும் ஆரம்பிச்சிடுவேன்னு சொல்லல. இத்தன நாளுல அது போயிருக்கும்னு நெனச்சேன்."

"உப்பு ஆவியாகாது மச்சான்" என்றேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கி, ஜெலுத்தோங் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். நானும் சிரித்தேன். பத்து நாட்களாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்தச் சிரிப்போடுதான் இறங்கியது.

யோசித்துப் பார்த்தால் ஒரே வீட்டில் மூன்று பேர், அதே மீன்கள் மேல் அவ்வளவு அக்கறையாக இருந்திருக்கிறோம். மூவருமே நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தோம். மூவருமே அடுத்தவரிடம் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் வைத்திருந்தோம். என் அவசரத்தைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அவசரத்தைவிட அந்த வாய்மூடல்தான் பெரிய தப்பு என்று தோன்றுகிறது. யாரையும் சங்கடப்படுத்தாமல் இருக்க வேண்டும், சரியான பிறகு சொல்லி அசத்த வேண்டும் என்று நாம் மறைத்து வைக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் எங்கோ ஓரிடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

மீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் பண்ணைக்குப் போனபோது அந்தப் பெண் எனக்கு ஒரு வித்தை சொன்னார். குளம் எத்தனை லிட்டர் என்று சரியாகத் தெரிய வேண்டுமா, உப்பையே கேள் என்றார். முதலில் தண்ணீரை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு சரியாக நிறுத்த உப்பைப் போட்டு, ஒரு நாள் நன்றாகக் கலந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். மீட்டர் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால், குளத்தில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று வகுத்துச் சொல்லிவிடலாம். அன்றிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது. நானும் ஒரு மீட்டர் வாங்கிவிட்டேன். பழைய உப்பெல்லாம் தண்ணீர் மாற்றி மாற்றி வெளியே போய்விட்டது. மீன்களின் உடம்பில் ஒரு புள்ளி இல்லை. மச்சானும் இப்போது வீட்டில் இருக்கிறார். ஒரே ஒரு கிலோதான், மீன்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பண்ணையிலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். வருகிற சனிக்கிழமை அதைச் செய்யப் போகிறேன். நிறுப்பது மச்சான், கரைத்து ஊற்றுவது அம்மா, மீட்டரைப் படிப்பது அக்கா, எழுதிக்கொள்வது நான் என்று பேசி வைத்திருக்கிறோம். எனக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம் வராது என்று தெரியும். இருந்தாலும் சனிக்கிழமை எல்லோரும் எழுந்து, காப்பி குடித்து முடிக்கும்வரை மூட்டையின் கட்டை அவிழ்க்காமல் காத்திருப்பேன்.